வெள்ளிக்கிழமையின் கோடு

ராத்திரி பத்தே காலுக்கு ரக்பிக்காரர்கள் கிளம்பினால்
மறுநாள் மூன்று மணிக்குக் கால்பந்து வரும்வரை
மைதானம் என்னுடையது.
பதினாறே முக்கால் மணி நேரம்.
அதற்குள் ஒரு வீட்டைக் காலிசெய்து
இன்னொருவர் வீடாக்க வேண்டும்.

யாசிர் டிராக்டரைக் கொண்டுவருவான்.
நாலு நெடுங்கம்பங்களையும் பிடுங்கி
கிழக்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் படுக்கவைப்போம்.
குழிகளுக்கு மூடி,
மூடிக்கு மேல் புல்,
புல்லுக்கு மேல் பொய்.

பதிமூன்று பேரும் பதிமூன்று பேரும்
எண்பது நிமிடம் இழுபறித்த சேற்றில்
பெயர்ந்த கட்டிகளைத் தேடித்தேடி மிதிப்பேன்.
ஒருமுறை பல் ஒன்று கிடைத்தது.
கழுவி, உறையிலிட்டு, விருந்தாளிக் கிளப்புக்கு அனுப்பினேன்.
"எங்களுடையது அல்ல" என்று பதில் வந்தது,
தபால்தலை ஒட்டி, மரியாதையாக.

எங்களுக்கும் சொந்த மைதானம் இருந்தது.
கடனுக்குப் போயிற்று.
மூலைக்கொடி நின்ற இடத்தில் இப்போது
உறைந்த மீன் விற்கிறார்கள்;
வாங்கியிருக்கிறேன், மலிவு.
வாடகைக்குக் குடிவந்த கிளப்போடு
சீதனம்போல நானும் வந்தேன்,
கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு.
சம்பளம் கால்பந்து தருகிறது.
தின்பது யார் உப்பென்று எனக்குத் தெரியும்.
வெள்ளிக்கிழமை
யாருக்காகத் தொண்டை கட்டுகிறது என்பதும் தெரியும்.

கோடுகள்தான் தொல்லை.
ரக்பிக்கு நீலம், கால்பந்துக்கு வெள்ளை.
நீலத்தின் மேல் பச்சைச் சாயம் பூசிக்கொண்டே
முழங்காலில் நகர்வேன்,
அகலமெல்லாம், பத்துப் பத்து மீட்டருக்கு ஒன்றாக.
செயலாளர் ப்ளெங்கின்சாப் குடையோடு வந்து நிற்பார்.
"ஜேனிஸ், உன் ஆட்கள் இன்னும் தெரிகிறார்கள்."
நான் பூசுவேன்.
"இன்னும் தெரிகிறார்கள்."

மார்ச் மாதம், இரண்டாம் சனி.
மழை என்றால் சாதாரண மழையில்லை,
குன்றிலிருந்து சாய்ந்து வந்து காதுக்குள் பேசும் மழை.
பச்சை கரைந்தது.
எழுபதாம் நிமிடம் நீலம் எழுந்து நின்றது,
இருபது மீட்டர்க் கோடு,
முந்தின இரவு எங்கள் ஆட்கள்
நெஞ்சால் தேய்த்துக் கடந்த அதே கோடு.

எதிரணிக் கோல்கீப்பர் ஜோயல் த்வெய்ட்ஸ்,
வயது பத்தொன்பது, முதல் சீசன்.
உயர்ந்து வந்த பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தான்.
கண்ணின் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்திருக்கும்.
கோட்டுக்கு உள்ளேதானே இருக்கிறோம் என்று
குழந்தையை வாங்குவதுபோல் இரு கையாலும் பிடித்தான்.
பெனால்டி ஏரியாவுக்கு ஒன்றரை மீட்டர் வெளியே.

விசில். சிவப்பு அட்டை.
அந்த ஃப்ரீ கிக்கில் நாங்கள் ஜெயித்தோம்.
நாங்கள் என்றா சொன்னேன்?
அவர்கள்.

ப்ளெங்கின்சாப் குடையை மறந்துவிட்டு ஓடிவந்தார்.
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்,
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"அடுத்த சனி மழை எப்படி?" என்றார்.

விளக்குகள் பாதி அணைந்தபின்
அந்தப் பையன் கோட்டும் சூட்டுமாகத் திரும்ப வந்தான்.
நீலத்தின் மேல் ஷூ நுனியை வைத்தான்.
"இது யாருடையது?"
என்னுடையது என்று சொல்லியிருக்கலாம்.
நேராகப் போட்ட கோடு,
கயிறு கட்டி, மூச்சைப் பிடித்துப் போட்டது.
"நேற்றைய ஆட்டத்துடையது," என்றேன்.
"நேற்று யார் ஜெயித்தார்கள்?"
"நாங்கள் தோற்றோம். பதினெட்டு, பதினாறு."
தலையை ஆட்டினான்,
ஏதோ கணக்குச் சரியானதுபோல.
வெளியே அவர்கள் பஸ் ஹார்ன் அடித்தது.

திங்களன்று சாயத்துக்கு ஆர்டர் கொடுத்தேன்.
இரண்டு டப்பா பச்சை, மழைக்கு நிற்கும் ரகம், விலை அதிகம்.
நீலம் போட்டது ரக்பி, அவர்கள் கட்டட்டும் என்கிறது கால்பந்து.
மறைக்கச் சொன்னது கால்பந்து, அவர்கள் கட்டட்டும் என்கிறது ரக்பி.
பில் என் மேசையில் கிடக்கிறது,
அதன் மேல்
ப்ளெங்கின்சாப் இன்னும் எடுத்துப்போகாத குடை.