இரண்டுக்குக் கட்டியவள்

எல்லோரும் ஆறுக்குக் கட்டினார்கள்.
நான் இரண்டுக்குக் கட்டினேன்.

தார்த்து நகரம், கார்லோவாப் பக்கம், உர்மாஸின் மரவீடு.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
நான்கு ஜோடிக் கையுறைகள் அடுப்பு மேல் கிடந்து
ஈர ஆட்டின் வாடை விட்டுக்கொண்டிருந்தன.

ரீலிகா கோட்டைச் சுவராகவே வாங்கிக் குவித்தாள்.
சுவருக்குப் பின்னால் காக்க ஒன்றுமில்லையே என்றால்
"இன்னும் வரவில்லை" என்பாள்.
பகலில் அவளுக்கு அவசர அழைப்பு மையத்தில் வேலை.
கார்மோ கை நிறையச் சீட்டு வைத்துக்கொண்டு
ஒன்றையும் இறக்கமாட்டான்.
மூன்று சூனியக்காரிகளும் ஒரு பாலம் கட்டுகிறவனும்
அவன் விரல்களுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.
உர்மாஸின் வரிசை முழுக்கக் கழுகுகள்,
ஒவ்வொன்றின் மூலையிலும் கொழுத்த ஆறு.

என் வரிசை இது:
தவளைப் பூசாரி. இரண்டு விழுந்தால் ஒரு மூட்டை உப்பு தருவார்.
உப்பு வந்தால் சுழலும் காற்றில்லா ஆலை.
ஆலை சுழன்றால் வெள்ளி.
வெள்ளி உரசும் ஓசைக்கு விழிக்கும்
கண்ணில்லாத டிராகன்.
அது விழித்துவிட்டால்
மற்றவர்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பதினோரு முறை உருட்டினேன்.
ஐந்து. ஒன்று. நான்கு, மறுபடி நான்கு.
"இரண்டு நான்குக்கு நாலு இரண்டு தர வேண்டாமா?"
உர்மாஸ் சட்டப் புத்தகத்தை
என் பக்கம் ஓரங்குலம் தள்ளினான்.
பூசாரி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டாம் முறை உருட்டவில்லை, எறிந்தேன்.
பகடை மேசை விளிம்பில் இடறி
நாற்காலிக் காலில் மோதி
தரைப்பலகைகளின் நடுவே
தபால் பெட்டிக்குள் கடிதம் போல நுழைந்தது.

மேசையை விட்டுப் போனால் என்ன செய்வதென்று
புத்தகத்தில் இல்லை.
உர்மாஸின் வீட்டில் உர்மாஸின் சட்டம்:
எங்கே விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான்.

குப்புறப் படுத்தேன். கன்னம் பலகையில்,
கையில் போன் வெளிச்சம்.
ஒரு கண்ணுக்குத்தான் இடம் கொடுத்தது இடுக்கு.
கீழே ஒரு கொண்டை ஊசி,
இல்லாமல் போன தேசத்தின் ஒரு கோப்பெக்,
காலை மடக்கிக்கொண்டு செத்த குளவி,
மரத்தூள். மரத்தூளில் பகடை.

தலைக்கு மேலிருந்து ரீலிகா,
வேலையில் பேசும் குரலில்:
"நிதானமாகச் சொல். என்ன தெரிகிறது?"

இரண்டு தெரிந்தது.
கோணலாக இரண்டே புள்ளி,
தண்ணீருக்கு மேல் தெரியும் தவளைக் கண் போல.

போன வாரம் ஒரு மூன்றை
விரல் நுனியால் புரட்டியவள் நான்.
யாரும் பார்க்கவில்லை என்றிருந்தேன்.
கார்மோ மட்டும் அன்று முழுக்க
என் கையைப் பார்க்காமல் இருக்கப்
பாடுபட்டுக்கொண்டிருந்தான்.
இப்போதும் அவன் காலுறைகள்
என் மூக்குக்கு முன்னால்
அசையாமல் நின்றன.

"ஐந்து" என்றேன்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
வேறு பெட்டியிலிருந்து ஒரு பச்சைப் பகடை வந்தது.
கார்மோ பாலம் கட்டுகிறவனை ஒருவழியாக இறக்கினான்,
எதிர்க்கரையே இல்லாத இடத்தில்.
இரண்டு ஆறில் உர்மாஸ் ஜெயித்தான்.
ரீலிகாவின் சுவர்களைக் கட்டி வைக்க
ரப்பர் பேண்ட் போதவில்லை.

வியாழக்கிழமை உர்மாஸ் போன் செய்தான்.
அடுப்பு எரிந்தும் தரை குளிர்கிறதாம்.
மேசைக்கடியில் மட்டும் ஒரு ஓரம் சூடாம்,
பூனை படுத்து எழுந்த இடம் போல.
பூனை இல்லை அவனிடம்.
ராத்திரியில் ஏதோ அரைபடுகிற சத்தம், எலியோ என்னவோ,
பலகையைப் பெயர்த்துப் பார்க்கட்டுமா என்றான்.

"பெயர்க்காதே" என்றேன்.
"கொஞ்சம் வெள்ளி வை. சில்லறை போதும்.
இடுக்கு வழியாகப் போடு,
சத்தம் வராமல் போடு."