அணைத்துக் காட்டுதல்

விற்றவன் பெயர் ஹஸ்ரில்.
பண்டார் துன் ரசாக்கில் ஓர் அடுக்குமாடி வாசல்.
நான் போனபோதே கார் ஓடிக்கொண்டிருந்தது,
உள்ளே ஏர்கான் மார்கழியாக.
அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன்.
சுற்றுச்சாலையில் மூன்றாம் கியர் விழுந்ததும்
யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் இருந்தது.
கடைசிவரை அதை அணைக்க விடவில்லை அவன்.
மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாலான் ஈப்போ பெட்ரோல் நிலையத்தில்
முதல்முறையாக அணைத்தேன்.
முப்பது ரிங்கிட்டுக்கு ஊற்றினேன்.
அப்புறம் க்ர் க்ர் க்ர்,
அவ்வளவுதான்.
பின்னால் மூன்று மைவிகள் ஹார்ன் அடித்தன,
ஒருநாளும் கிளம்பாமல் நின்றறியாத மைவிகள்.
நாற்பது நிமிடம் ஆறியபின்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிற்று,
சண்டைக்கு மறுநாள் காலை
பசியாற வந்து உட்காரும்
என் முன்னாள் கணவரைப்போல.

ஃபூங்கின் பட்டறை செகாம்புட்டில்,
மேம்பாலத்துக்குக் கீழே.
மானியைச் செருகி, பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதினார்:
ஐந்து புள்ளி எட்டு,
ஐந்து புள்ளி ஒன்பது,
ஐந்து புள்ளி இரண்டு.
நான் டயாலிசிஸ் தாதி.
கெட்ட சேதி எண்ணாக வந்தால்
முகம் பார்க்காமலே தெரியும்.

"ரோட்டரி எஞ்சின், அக்கா. உள்ளே முக்கோணம்.
மூணு முனையும் தேஞ்சு போச்சு."
எவ்வளவு என்றேன்.
ஃபூங் விலை சொல்லவில்லை;
முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதினோராயிரத்து நானூறு.
காயில் நான்கும் தனிக்கணக்கு.
"இல்லைன்னா வேகமான ஸ்டார்ட்டர் ஒண்ணு போடலாம்.
ஒரு வருஷம் ஏமாத்தலாம்."
யாரை என்று நான் கேட்கவில்லை.
ஸ்டார்ட்டர் போட்டோம்.

எட்டாம் கட்டில் சத்தியசீலி
இருபது வருடம் இன்சூரன்ஸ் விற்றவர்.
ஊசி ஏற்றும்போதே கேட்பார்,
"இந்த மாசம் எவ்வளவு தின்னுச்சு?"
காயில் அறுநூறு. கிளட்ச் ஆயிரத்து எண்ணூறு.
எண்ணெய், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்,
ஒழுகவில்லை, குடிக்கிறது.
கண்ணை மூடிக் கூட்டுவார்.
"முக்கால் மைவி வந்திருக்கும்."
பிறகு, தன் ரத்தம் குழாயில் சுற்றிவரும் சத்தத்துக்கிடையே,
"நானும்தான் மாசாமாசம் தின்கிறேன்.
என்னை வித்திடுன்னு யாரும் சொல்லலை பார்."
சிரித்தார். நான் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டேன்.

இரவு வேலை முடிந்த ஐந்து மணிக்கு
டூக் நெடுஞ்சாலை ஏறும் வளைவில்
முள் எட்டாயிரத்து ஐந்நூறு தொட்டால்
ஒரு சின்ன மணி ஒலிக்கும், போதும் என்று.
இத்தனை வருடத்தில்
எனக்குப் போதும் என்று சொன்னது
அது ஒன்றுதான்.
ஆனால் சாலை வரி ஜூலையில்.
டயர் இரண்டு வழுக்கை.

விளம்பரம் பார்த்து, ஒரு ஞாயிறு
ரவாங்கிலிருந்து வந்தான் யுகேந்திரன்.
புதுச் சம்பளம், புதுச் சப்பாத்து,
கதவைத் திறக்கும் முன்பே வாங்கிவிட்ட கண்கள்.
செந்தூலை மூன்று சுற்று சுற்றினோம்.
சூட்டு முள் நடுவில் வந்து நின்றது.
ஹஸ்ரிலை நினைத்தேன்.
கை ஒரு கணம் சாவிமேல் சும்மா இருந்தது.
அணைத்தேன்.

"பத்து நிமிஷம் உட்காருங்க, மைலோ குடிக்கிறீங்களா?"
குடித்தான்.
"இப்ப நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க."

பாழாய்ப்போனது,
முதல் திருப்பிலேயே உயிர்த்தது.
அரை வினாடிகூடத் தயங்கவில்லை.
"சூப்பர் வண்டிக்கா" என்றான்.

பில் கட்டை எடுத்துவர உள்ளே போனேன்,
எல்லா பில்லும்,
அந்தக் காலண்டர் தாளும்.
வெளியே அவன் மிதித்தான்.
மணி ஒலித்தது, ஒருமுறை.
கோப்பை மடியில் வைத்துக்கொண்டு
சப்பாத்து அலமாரிமேல் கொஞ்ச நேரம்
உட்கார்ந்திருந்தேன்.