மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்

சேமிக்கப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்
என்று திரை சொல்லும் அந்த ஒன்றரை நொடியில்
பிளக்கைப் பிடுங்குவது என் வேலை.
தொம்மலூரில் மூன்றாம் மாடி,
ஜன்னலை ஒட்டி மேம்பாலம்,
மாதம் முப்பத்தெட்டாயிரம்.
ஒரு நாளைக்கு இருநூறு முறை
ஓர் ஆட்டத்தின் மூச்சை நிறுத்துகிறேன்.
பிறகு எழுப்பிக் கேட்கிறேன்:
எங்கே நின்றாய், ஞாபகம் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கிறது.
சுஹாஸ் எழுதிய நிரல் சூதானமானது.
பழைய கோப்பின் மேல் கைவைக்காது.
பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதி,
முழுசாக வந்ததா என்று படித்துப் பார்த்து,
அப்புறம்தான் பழையதன் பெயரை
அதற்குச் சூட்டும்.
நான் வீடு மாறியது இப்படி இல்லை.
முதலில் சாவியைக் கொடுத்துவிட்டேன்.
மர்பி டவுன் தெருவில்
குக்கரோடு நின்றேன் இரவு பத்து வரை.

கோப்பைப் பிரித்தால்
உள்ளே ஆறு இல்லை, பாலம் இல்லை.
கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு,
தரையிலிருந்து எவ்வளவு உயரம்.
எட்டுக் கதவுக்குச் சேர்த்து ஒரே பைட்:
திறந்தது ஒன்று, திறக்காதது சுழியம்.
எத்தனை முறை முட்டினாய் என்பதற்கு
இடம் ஒதுக்கவில்லை.
அடியில் ஒரு கூட்டுத்தொகை,
மளிகைச் சீட்டில் கோடிழுத்துப் போடுவதுபோல.
மேலே ஓர் இலக்கம் பிசகினாலும்
சேதமடைந்தது என்று கதவைச் சாத்திவிடும்.
எது சேதம் என்று சொல்லாது.

போன வியாழக்கிழமை, புகார் எண் 4417.
'என் கேம் திறக்கவில்லை. மழை வேண்டும்.'
அவ்வளவுதான். கூடவே கோப்பு.

பெயர் என்ற இடத்தில்: பொன்.
பெயருக்குப் பன்னிரண்டு பைட் போதும் என்று
யாரோ முடிவெடுத்த நாளில்
அந்த அறையில் தமிழ் எழுதுபவர் எவரும் இல்லை.
நம் எழுத்துக்கு மூன்று,
கொம்புக்குத் தனியாக மூன்று,
புள்ளிக்கும் மூன்று.
மின்னஞ்சலில் முழுசாக இருந்தது:
பொன்னுரங்கம், டேனரி ரோடு.
நறுக்கியும் அர்த்தம் நின்றுவிட்டதால்
இத்தனை மாதம் யாருக்கும் உறைக்கவில்லை.
(செங்கமலம் என்று ஒருத்தி
செங் என்றே அரண்மனை வரை போயிருக்கிறாள்.)

ஆடிய நேரம்: இருநூற்றுப் பதினோரு மணி.
பிடித்த மீன்: சுழியம். கதவுகள்: எட்டும் சுழியம்.
நாணயம்: தொடக்கத்தில் கொடுத்த ஐம்பது,
அப்படியே.
கிழக்கும் வடக்கும்
மூன்று சேமிப்பிலும் ஒன்றே. நடுப்பாலம்.
வானிலை: மூன்று. மூன்று என்றால் மழை.

'இவர் இன்னும் ஆடவே ஆரம்பிக்கலையே'
என்றான் சுஹாஸ், டீயோடு வந்து.
நான் முதல் பணியைத் திறந்து பார்த்தேன்.
படகுக்காரரிடம் குடையைக் கொடு.
கொடுத்தால் மழை நிற்கும், ஊர் திறக்கும்.

பையில் குடை இருந்தது.

பிசகியது ஒரே ஒரு பிட்.
உயிர் என்ற இடத்தில் முப்பத்தாறு.
பாலத்தை விட்டு நகராதவரை
யார் அடித்திருக்க முடியும்?
நூறு என்று திருத்தினேன்.
கூட்டுத்தொகை ஒத்துப்போனது.

வழக்கப்படி நஷ்டஈடு உண்டு:
ஆயிரம் நாணயம்,
இரண்டாம் கட்டம் திறந்த நிலையில்.
சுஹாஸின் படிவத்தில் அது தானாகவே நிரம்பி வரும்.
இரண்டாம் கட்டத்தில் வெயில்.
அந்த வரியை அழித்தேன்.
காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் கேட்டது.
வாடிக்கையாளர் விருப்பம் என்று போட்டேன்.
அவரைக் கேட்கவில்லை.

பெயர் நறுங்குவதைத் தனிப் புகாராக ஏற்றினேன்.
தீவிரம்: குறைவு. அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை
கோப்பை ஏற்றிப் பார்த்தேன்.
ஹெட்போனில் மழை, பலகைமேல் மழை,
கீழே ஆற்றின் மேல் வேறு சத்தத்தில் மழை.
பத்து நிமிடம் இருக்கும்.
மேம்பாலத்து ஹாரன் எதுவும் கேட்கவில்லை.

முன்னேற்றம்: நூற்றுக்குச் சுழியம்.
சரிபார்க்கப்பட்டது என்று டிக் அடித்தேன்.
இந்த முறை பிளக்கைப் பிடுங்காமல்
முறைப்படி வெளியேறினேன்.