பிப்ரவரியின் எண்

முதலில் அதைக் கொசு என்றுதான் நினைத்தேன்.
யாகுத்ஸ்கில் ஜூன் என்றால்
நள்ளிரவிலும் அணையாத ஆகாயம், கொசு,
மறுபடியும் கொசு.
திரையின் வலது மூலையில் பச்சையாய் ஒன்று.
அடித்தேன்.
கையில் ரத்தம் இல்லை.
புள்ளி அப்படியே இருந்தது,
பக்கத்தில் இன்னொன்று முளைத்தது.

துயாரா தன் விளையாட்டில்
உறைந்த லேனா ஆற்றின்மேல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள்.
அவளே வரைந்த பனி, அவளே வைத்த விரிசல்.
புள்ளிகள் கோடாகி, கோடு முக்கோணமாகி,
ஒரு முக்கோணம் மட்டும்
கொடியிலிருந்து காற்று பிடுங்கிய துணிபோல
லாரியின் கூரையிலிருந்து வானம்வரை இழுத்துக்கொண்டு போயிற்று.
"நல்லாத்தானே இருக்கு," என்றாள்.
"பனி இப்படித்தான் உடையும். விட்டுடேன்."

விட முடியுமா?
கம்பெனி எழுதிக் கொடுத்த வேகத்தை
மதிக்காத கை என்னுடையது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து
என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன்.
அங்கும் பச்சை.
ஆக, மானிட்டர் பாவம், கொடுத்ததைக் காட்டுகிறது.
கோளாறு, படம் பிறக்கிற இடத்தில்.
இருந்தும் மனசு கேட்காமல் கேபிளை மாற்றினேன்.
டிரைவரை வேரோடு பிடுங்கிப் புதிதாய் நட்டேன்.
கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி
அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து
டிக்கென்று கொக்கி விழும்வரை அழுத்தினேன்.
விசிறியில் பூனையின் இரண்டு வருட ரோமம்.
ஊதியதில் தும்மல் வந்தது.
புள்ளி போகவில்லை.

அப்புறம்தான் மெமரியின் சூட்டைப் பார்த்தேன்.
நூற்றிரண்டு டிகிரி.
சிப் எழுபதில் சாதுவாய்க் கிடக்கிறது,
அடிவயிறு கொதிக்கிறது.
இத்தனை நாளும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து
காய்ச்சல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரி ஞாபகம் வந்தது.
வெளியே மைனஸ் நாற்பத்தாறு,
உள்ளே வெந்நீர்க் குழாய்கள் வீட்டை வேகவைக்கின்றன.
ஜன்னலுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஜன்னலை
ஒரு விரல் அகலம் திறந்து
பெட்டியை அதன் கீழே தள்ளி வைத்து
ஐம்பது ஐம்பதாய் மெமரியை ஓவர்கிளாக் செய்தேன்.
தொள்ளாயிரம் கூட்டினேன். கார்டு ஒன்றும் சொல்லவில்லை.
ஆயிரம். சொல்லவில்லை.
ஆயிரத்து நூறில் விடிய விடியச் சோதனை ஓட்டினேன்,
ஒரு பிழைகூட இல்லை.
துயாரா காதுமூடித் தொப்பியோடு கட்டிலில் கிடந்தாள்.
மறுநாள் வேலையிடத்தில் கெஸ்கிலிடம்,
பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவனிடம்,
எல்லோரிடமும் சொன்னேன்
என் கார்டின் திறமையை.

ஒரு விரல் அகலக் குளிரை
அதன் பெயரில் வரவு வைத்திருக்கிறேன்.

இப்போது வெளியே முப்பது. பிளஸ்.
அதே சின்ன ஜன்னல் வழியாக
எங்கோ எரியும் காட்டின் புகை வருகிறது.
எண் மட்டும்
பிப்ரவரியிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இறக்க ஆரம்பித்தேன்.
ஆயிரத்து ஐம்பதில் முக்கோணங்கள் போயின.
ஆயிரத்தில் லாரி பாதி ஆறு சுத்தமாய்க் கடந்தது,
பிறகு சக்கரத்தில் பச்சை.
தொள்ளாயிரத்தில் ஒன்றுமில்லை என்று எழுந்து
தேநீர் ஊற்றிவிட்டுத் திரும்பினால்
ஓட்டுநரின் முகத்தில் ஒன்று.
கெஸ்கிலிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி
இன்னும் இறக்கினேன்.
எழுநூறு.
ஆறு மணிநேரம். எதுவும் இல்லை.

"பனி செத்துப்போச்சு," என்றாள் துயாரா.
நான் குற்றச்சாட்சியாய் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை
அவள் பத்திரப்படுத்தியிருந்தாள்.
அந்த முக்கோணத்தைப் பார்த்துப் பார்த்து
தன் ஆற்றில் கையால் வரைகிறாள்,
பச்சையை மட்டும் நீக்கிவிட்டு.

புதிய எண்ணை ஜூன் என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
பழையதை அழிக்க மனம் வரவில்லை.

விடிகாலை மூன்று மணி, நல்ல வெயில்.
திரையின் வலது மூலையில் ஏதோ ஒன்று.
கையை ஓங்கினேன்.
ஓங்கிய கையை இறக்கி
முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.
படத்தில் அது இல்லை.

அப்புறம் அடித்தேன்.