நீர்ப்பூட்டு

இரண்டாம் வருடத் தொடக்கத்தில்
எங்கள் பட்டறைக்கு ஒரு வெள்ளை கார் வந்தது,
இழுவை வண்டியின் கொக்கியில்
முன்னங்கால் தூக்கிய நாய்க்குட்டி மாதிரி.
கல்லூரிக்கு நன்கொடை என்றார்கள்.
இன்சூரன்ஸ்காரன் கைகழுவியது என்றான் தமீமுன்.

கடலூரில் மழை விட்டு ஏழு மாதம்.
கதவைத் திறந்தால் இன்னும் கெடிலம் வீசியது.
இருக்கைக்கு அடியில் வெடித்த வண்டல்,
வண்டலில் ஒரு நத்தை ஓடு.
ஆயில் கேஜை உருவினோம்.
கறுப்பாக வர வேண்டியது
பால் தூக்கலாகப் போட்ட காப்பியாக வந்தது.
"டபரா இருக்கா?" என்றான் புருஷோத்.

மூன்று வாரம் பிரித்தோம்.
அதில் ஒரு வாரம்
பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடியது.
உப்புக்காற்று எங்களுக்கு முன்பே
போல்ட்டுகளிடம் பேசி முடித்திருந்தது.
டீசல் ஊற்றி ஊறவைத்தேன்,
தட்டினேன், கெஞ்சினேன்,
வீட்டில் சொல்லாத வார்த்தை ஒன்றும் சொன்னேன்.
அறுபது பேரில் இரண்டு பெண்கள் என்பது
எங்கள் காக்கியைத் தைத்தவருக்குத் தெரியாது.
கையை நாலு மடிப்பு மடித்தும்
எண்ணெய்த் தட்டில் தோயும்.
கேம்பஸுக்கு வந்த ஷோரூம்காரர்
எங்கள் இருவரிடம் மட்டும் கேட்டார்:
வரவேற்பு மேசை பரவாயில்லையா?

மூன்றாவது சிலிண்டரில் இருந்தது.
கனெக்டிங் ராடு.
ஒரு சாண் உருக்கு,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட
திரும்பியதுபோல் இடுப்பில் வளைந்து.

புத்தகத்தில் இதற்கு அரைப்பக்கம் உண்டு.
காற்றை அமுக்கலாம்.
அமுக்க அமுக்கச் சூடேறும், ஆனாலும் இடம் கொடுக்கும்.
தண்ணீர் கொடுக்காது.
ஏர் ஃபில்டர் வழியாக ஒரு டம்ளர் போனால் போதும்,
மேலே ஏறிவரும் பிஸ்டனுக்கு
அந்த ஒரு டம்ளர் சுவர்.
வெள்ளத்தில் சும்மா நிற்கும் வண்டி
பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.
யாராவது சாவியைத் திருப்பும் வரை.

யார் திருப்பினார்கள் என்பதற்கு
ரெக்கார்டு நோட்டில் கட்டம் இல்லை.

டேஷ்போர்டுப் பெட்டிக்குள்
செங்கல் கனத்தில் ஒரு கட்டு.
கல்யாணப் பத்திரிகைகள்.
ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து,
தடவிய மூலை மட்டும் இன்னும் மஞ்சளாக.
ஃபீலர் கேஜின் ஆக மெல்லிய தகட்டை நுழைத்து
ஒன்றைப் பிரித்தேன்.
திருவளர்செல்வி என்று இருந்தது.
அதற்குப் பிறகு சேறு.
தேதி இருந்த இடத்தில் ஓட்டை.

இன்னும் எத்தனை வீடு பாக்கியோ.
எந்தத் தெருமுனையில்
பம்பரைத் தொட்டதோ தண்ணீர்.
ஏழெட்டு தடவை திருப்பியிருப்பாங்க என்றான் தமீமுன்.
ஒரு தடவை போதும் என்றேன்.
அன்று அதற்குமேல் நாங்கள் பேசவில்லை,
ஸ்பேனர் கேட்டதைத் தவிர.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர்
ராடைக் கையில் எடைபார்த்தார்.
"பழுதுக்குக் காரணம்?"
"நீர்ப்பூட்டு, சார்."
டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பத்திரிகைக் கட்டை என்ன செய்வதென்று தெரியாமல்
கழிவுத்துணிப் பெட்டி மேல் வைத்திருந்தோம்.
செமஸ்டர் லீவு முடிந்து வந்தபோது இல்லை.
பெருக்குபவர்களிடம் கேட்கவும் இல்லை நான்.

நேற்று சாயங்காலம் கொட்டித் தீர்த்தது.
லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில்
முழங்கால் தண்ணீரில் என் ஸ்கூட்டி
இரண்டு முறை இருமி நின்றது.
பின்னால் பத்து ஹாரன்.
கட்டைவிரல் தானாக பட்டனுக்குப் போனது.
சாவியை உருவி, பைக்குள் போட்டு,
ஜிப்பை இழுத்தேன்.
தள்ள ஆரம்பித்தேன்.
கூத்தப்பாக்கம் இன்னும் ரெண்டு கிலோமீட்டர்.

மேட்டில் ஒதுங்கி நின்ற ஆட்டோக்காரர்
பாவம் பார்த்துச் சொன்னார்:
"சும்மா ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா."

"முயற்சி பண்ணும்ணே.
அதான் பயம்."