இரண்டு குட்டி, ஒரு நெட்டை

ரூவியில் எங்கள் டீக்கடைக்குள்
யாரும் வருவது குறைவு.
வண்டியில் இருந்தபடியே ஹார்ன் அடிப்பார்கள்,
தட்டோடு ஓடுவேன்.
ஒன்பது வருஷத்தில்
முகத்தைவிட ஹார்ன்தான் எனக்குப் பழக்கம்.

தண்ணி லாரி தஸ்தகீருக்கு
இரண்டு குட்டி, ஒரு நெட்டை.
கேட்கும்போதே
சீனி குறைத்து ஆற்றத் தொடங்கிவிடுவேன்.

ஜூன் வெயிலில் முதலாளி ஒரு தாள் ஒட்டினார்:
வண்டிக்குக் கொண்டு வந்தால்
ஐம்பது பைசா கூடுதல்.
டீயே நூறு பைசாதான்.

தஸ்தகீர் தாளைப் படித்தார்,
பிறகு என்னை.
"இது உனக்கா தம்பி?"
"இல்லண்ணே, கடைக்கு."
"உனக்குன்னா நூறே தந்திருப்பேன்"
என்றபடி ஐம்பதை எண்ணி வைத்தார்.

மறுநாள் இறங்கி வந்தார்.
லாரியை எடுக்கச் சொல்லிப் போலீஸ் கை தட்ட
பாதி டீயோடு ஓடினார்.
அதற்கடுத்த நாள்
ஹார்ன் இல்லை.

மாசக் கடைசியில் கணக்குப் பார்த்த முதலாளி
கூடுதல் வரவு முப்பத்தெட்டு ரியால் என்றார், சிரித்தபடி.
பிறகு,
பால் ஏன் இப்படி மிஞ்சுகிறது என்று
என்னைக் கேட்டார்.

நேற்று அஸர் பாங்கு முடிந்த கையோடு
இரண்டு குட்டி, ஒரு நெட்டை.
கை தானாகச் சீனி டப்பாவை ஒதுக்கியது.
தோளால் கதவைத் தள்ளி
தட்டோடு வெளியே வந்தால்
எதிர்ச்சாரியில் நிற்கிறது லாரி.

அந்தக் கடைப் பையன் புதுசு.
ஜன்னலை அண்ணாந்து பார்த்து
சீனி எவ்வளவு என்று
கேட்டுக்கொண்டிருந்தான்.