பதினொரு செடி

வத்தல்மலை விளிம்பில் ஓடிக் கால் எடுத்தபோது
மேற்குக் காற்று முகத்தில்தான் இருந்தது.
புரட்டாசிக் கடைசியை நம்பக் கூடாது என்று
எனக்கும் தெரியும், ஃபைரோஸுக்கும் தெரியும்.
தெரிந்தேதான் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் பறந்தோம்.

நாற்பது நிமிடம்.
கீழே சூளைப் புகை
தூக்கத்தில் புரள்வதுபோல் மறுபக்கம் படுத்தது.
கிழக்கு.
இனி மலைக்கு அந்தப் புறமிருந்து ஏறி
என் தலைமேல் கொட்டும் காற்று.
கண்ணில் படாத அருவி,
கண்ணில் படாத பாறை.

வலப்பக்கத் துணி மடிந்தது.
கயிறுகள் தொளதொளத்தன.
கடைசிப் படி இருக்கிறதென்று இருட்டில் வைத்த கால்
உடம்பு முழுக்க.
இடது தொடையில் சாய்ந்து காத்திருந்தேன்.
இழுக்காதே, இழுக்காதே என்று
சொந்தக் கையிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.
படார் என்று விரிந்தது.

வாக்கி-டாக்கியில் ஃபைரோஸ்:
"ஏரிக்கரைக்கு வந்துருவியா? ஜீப் இங்கதான் நிக்குது."
வந்துவிடலாம் என்று தோன்றியது,
ஒரு மூன்று நொடி.
அன்றைக்கு நான் கடந்ததில்
அதுதான் மோசமான காற்று.
"வரல. உயரம் இருக்கும்போதே இறங்கிடறேன்."

பள்ளி மைதானம் பெரிது; உள்ளே கபடி நடக்கிறது.
தென்னந்தோப்பு வேண்டாம்.
கேழ்வரகு மெத்தை மாதிரிதான் தெரிகிறது,
யாரோ ஒருவருடைய அடுத்த ஆறு மாதம் அது.
கம்பி மேலிருந்து தெரியாது. கம்பம் தெரியும்.
கம்பத்துக்கும் கம்பத்துக்கும்
மனதில் கோடு இழுத்துக்கொண்டே வந்தால்
மிஞ்சியது கடலை பிடுங்கிய ஒரு கட்டாந்தரை,
ஓரத்தில் செண்டுமல்லி.

மலையைப் பார்த்தபடி இறங்கினேன்.
கால் ஊன்றியதும் கடைசியாக ஒரு உதறல்.
துணியின் ஒரு முனை போய்ப்
பூவின் மேல் படுத்துக்கொண்டது.

முதலில் கையை ஆட்டினேன், மேலே இன்னும் இரண்டு பேர்.
விரித்த துணி வானத்துக்கு
அடிபட்டுக் கிடக்கிறேன் என்று சொல்லிவிடும்.
இங்கே பாதி ஊர்ப் பெயர்கள் அள்ளியில் முடிகின்றன;
நானும் அவசரமாக அள்ளினேன்,
ஒரு கயிறு ஒரு கிளையில் மாட்ட, குனிந்து விடுவித்து, மறுபடி.
கபடியைப் பாதியில் விட்டு ஓடிவந்த பையன்களிடம்
"வரப்பு, வரப்பு, வரப்புலயே நில்லுங்க" என்று கத்தியதில்
தொண்டை கட்டிவிட்டது.

நஞ்சம்மாள் கூடையோடு வந்தாள்.
என் வயதுதான் இருக்கும்.
"எங்கிருந்து வர்ற?"
"மேல இருந்து."
"அது தெரியுது."

நான் மன்னிப்பு சொல்ல ஆரம்பித்தபோது
அவள் எண்ண ஆரம்பித்திருந்தாள்.
"பதினொண்ணு. செடிக்கு அரைக் கிலோ.
நாளன்னிக்கி ஆயுத பூசை, கிலோ அறுவது."
மிகையும் இல்லை, தாட்சண்யமும் இல்லை.
இதற்கென்றே ஹார்னஸ் பையில்
பாலித்தீனில் சுற்றி வைத்திருக்கும் ஐந்நூறை நீட்டினேன்.
"சில்லறைக்கு நான் எங்க போவேன்?"
போனில் போடலாம் என்றால் சிக்னல் இல்லை.
கூடையை இறக்கினாள்.
"மூணு கிலோ புடி. பத்து ரூவா நமக்குள்ள."

பதினெட்டுக் கிலோ முதுகில், மூன்று கிலோ மார்பில்.
வரப்பிலேயே நடந்து தார்ச் சாலை ஏறியபோது
காற்று சுத்தமாக நின்றிருந்தது.
ஒரு புளிய இலை அசையவில்லை.
எரிச்சலாக வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஃபைரோஸ்
என் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான்,
பூவைக் கடைசியாகத்தான் பார்த்தான்.